தீவும் சொல்லும் குருதியும்: பரம்பரைக் கொழுப்புப்புரதக் குறைபாடுகளின் வரலாறு



மொழியியல் பயின்று, மொழியியலே கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் இதயநோயைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்னும் வினா உங்களுள் எழுந்திருக்கும். நாம் மருத்துவர் அல்லோம். எனினும், சில நோய்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அது மொழிகளின் வரலாற்றோடு ஒரே தடத்தில் நடப்பதைக் கண்டோம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவன இரண்டு. ஒன்று குருதிவழி வருவது. மற்றொன்று வாய்வழி வருவது. முதலாவதில் குறை நேரும்போது, அதனை அறிய இரண்டாவது துணை செய்யும். அத்துணையை நாம் இழந்துவருகிறோம் என்பதே இவ்வுரையின் கவலை.

1. மொழியியலார் அறிந்த தீவு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தை ஒட்டிய செசபீக் விரிகுடாவில் டேஞ்சியர் என்றொரு சிறு தீவு உண்டு. நிலப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருசில குடும்பங்கள் அங்கே நிலையாகக் குடியேறின. நண்டும் சிப்பியும் பிடிப்பதே அவர்கள் தொழில். இன்று அங்கு வாழ்வோர் ஐந்நூற்றுக்கும் குறைவானவர். தீவின் கல்லறைகளைப் பார்த்தால் ஒருசில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும்.

மொழியியலார்க்கு இத்தீவு வேறொரு காரணத்தால் அறிமுகமானது. அங்குள்ளோர் பேசும் ஆங்கிலம் அண்டை நிலப்பகுதியின் ஆங்கிலத்திலிருந்து வேறுபட்டது. உயிரொலிகள் நீண்டு வளைந்து ஒலிக்கும். கூற விரும்பியதற்கு நேர்மாறான சொற்களைக் கூறி, குரலின் ஏற்ற இறக்கத்தால் உண்மைப் பொருளை உணர்த்தும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. இதனைப் 'பின்னோக்கிப் பேசுதல்' என்று அத்தீவினரே குறிப்பிடுவர். டேவிட் ஷோர்ஸ் என்னும் மொழியியலார் இத்தீவின் மக்களையும் பேச்சையும் பற்றித் தனி நூலே எழுதினார். அது 2000ஆம் ஆண்டு வெளிவந்தது.

அத்தீவினர் பேசுவது எலிசபெத் அரசி காலத்து ஆங்கிலம் என்று சுற்றுலா ஏடுகள் எழுதுவதுண்டு. அது பிழை. எம்மொழியும் பெட்டியில் பூட்டிய பட்டுப்போல் மாறாமல் கிடப்பதில்லை. தனித்திருந்த சிறு குழுவில் சில பழங்கூறுகள் தங்கின. சில புதுக்கூறுகள் பெருகின. முதலில் குடியேறிய சிலரின் பேச்சில் இருந்த கூறு எதுவோ அது, பெரிய ஊர்களில் கரைந்துபோயிருக்கக் கூடியது, இங்கே அனைவர்க்கும் பொதுவாயிற்று. இதனை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த செய்திக்கு வருவோம்.

2. ஆரஞ்சு நிறத் தொண்டைச் சதை

1960ஆம் ஆண்டளவில் அத்தீவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு டான்சில் என்னும் தொண்டைச் சதை அகற்றப்பட்டது. அது வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தது. நிறமோ மஞ்சள் கலந்த ஆரஞ்சு. ஆராய்ந்தபோது அதன் உயிரணுக்களில் கொலஸ்டிரால் நிரம்பியிருந்தது. மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய டொனால்டு ஃபிரெட்ரிக்சன் இச்செய்தியில் கருத்துச் செலுத்தினார். சிறுவனின் தமக்கைக்கும் அதே நிறத் தொண்டைச் சதை இருப்பது தெரியவந்தது.

இருவர் குருதியிலும் ஒரு பொருள் ஏறத்தாழ இல்லாதிருந்தது. அதுவே உயரடர்த்திக் கொழுப்புப்புரதம், எச்.டி.எல். என்று நம் குருதிச் சோதனைத் தாளில் அச்சாகி வருவது. பெற்றோரைச் சோதித்தபோது இருவரிடத்தும் அப்பொருள் பாதியளவே இருந்தது. ஆளுக்கொரு பழுதான மரபணுவைத் தாங்கிய தாயும் தந்தையும், நோய் ஏதும் அறியாமல் வாழ்ந்தனர். இரண்டு பழுதும் ஒன்றுசேர்ந்த பிள்ளைகளிடமே நோய் வெளிப்பட்டது. பள்ளி உயிரியல் நூல்கள் இதனை 'ஒடுங்கு பண்பு' என்று கூறும்.

1961ஆம் ஆண்டு ஃபிரெட்ரிக்சனும் அவருடன் பணியாற்றியோரும் இதனை வெளியிட்டனர். நோய்க்கு 'டேஞ்சியர் நோய்' என்று பெயர் நிலைத்தது. மொரோக்கோ நாட்டிலும் இதே பெயருடைய துறைமுக நகரம் ஒன்று உண்டு. அந்நகருக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. பின்னர் உலகின் பல பகுதிகளில் இந்நோயர் கண்டறியப்பட்டனர். உலகம் முழுவதும் சேர்த்துப் பதிவானோர் ஏறத்தாழ நூற்றுவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அத்தீவைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும் நோயின் பெயர் தீவினர் தலைமேல் ஏறி அமர்ந்தது. இடப்பெயரால் நோயை அழைப்பது அவ்விடத்து மக்களுக்கு இழுக்கு என்பதை உணர்ந்து, புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர் இடலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு நெறிமுறை வகுத்தது. டேஞ்சியருக்கு அது காலங்கடந்த நீதி.

3. கொலஸ்டிரால் என்னும் சொல்

நோயின் உள்ளியல்பை அறிய, முதலில் சொல்லை அறிவோம். 18ஆம் நூற்றாண்டில் பித்தப்பைக் கற்களிலிருந்து வெண்ணிறப் பொருள் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. செவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியலார், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரேக்க மொழியில் பித்தத்தைக் குறிக்கும் 'கோலே' என்னும் சொல்லையும் திண்மையைக் குறிக்கும் 'ஸ்டெரியோஸ்' என்னும் சொல்லையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார். 'திண்பித்தம்' என்பது சொற்பொருள். அப்பொருள் வேதியியல் முறையில் ஆல்ககால் வகையைச் சார்ந்தது என்பது பின்னர்த் தெளிவாகவே, 'ஆல்' என்னும் ஈறு சேர்ந்தது. ஆகவே அச்சொல்லின் பிறப்பில் இதயமும் இல்லை, உணவும் இல்லை.

தமிழில் நாம் அதனைக் 'கொழுப்பு' என்கிறோம். இம்மொழிபெயர்ப்பு எளியது, ஆனால் இடர் தருவது. பழந்தமிழில் உடற்கொழுப்பைக் குறிக்க 'நிணம்' என்னும் சொல் இருந்தது. அதில் பழிச்சொல் ஏதும் இல்லை. 'கொழுப்பு' என்பதோ செழிப்பையும் குறிக்கும், செருக்கையும் குறிக்கும். 'உனக்குக் கொழுப்பு அதிகம்' என்று ஒருவரைப் பார்த்துக் கூறினால் அது மருத்துவக் கூற்று ஆகாது, வசை ஆகும். ஆகவே, 'இரத்தத்தில் கொழுப்பு' என்று கேட்டவுடன், நெய்யும் இறைச்சியும் மிகுதியாக உண்டவர் தம் வினைப்பயனை அறுவடை செய்கிறார் என்னும் எண்ணம் நம்மவர்க்கு எழுந்துவிடுகிறது. பிறக்கும்போதே குறைபாட்டோடு பிறந்தவர்க்கு இச்சொல் செய்யும் தீங்கைப் பின்னர்க் காண்போம்.

எண்ணெயும் நீரும் கலவாதது போலக் கொலஸ்டிராலும் குருதியில் தானாகக் கரையாது. அதனைச் சுமந்து செல்லப் புரதம் வேண்டும். 1929ஆம் ஆண்டு பாரிசில் மிஷல் மாஷ்பெஃப் என்பார் குதிரையின் குருதிநீரிலிருந்து இத்தகைய கொழுப்புப்புரதத்தை முதன்முதலில் பிரித்துக் காட்டினார். பின்னர், மிகு விரைவுச் சுழல் கருவியால் அவற்றை அடர்த்தி அடிப்படையில் வகைப்படுத்தும் முறை வந்தது. தாழடர்த்தி வகை கல்லீரலிலிருந்து புறப்பட்ட கொலஸ்டிராலை உடலெங்கும் கொண்டுசெல்வது. உயரடர்த்தி வகை உயிரணுக்களில் மிஞ்சியதைத் திரும்பக் கொணர்வது. முன்னதைக் 'கெட்ட கொழுப்பு' என்றும் பின்னதை 'நல்ல கொழுப்பு' என்றும் நாம் வழங்குகிறோம். உள்ளிருக்கும் கொலஸ்டிரால் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது சுமக்கும் ஊர்தி.

டேஞ்சியர் நோயில் நேர்வது என்ன? உயிரணுவின் படலத்தில் கொலஸ்டிராலை வெளியேற்றித் திரும்பும் ஊர்தியில் ஏற்றும் புரதம் ஒன்று உண்டு. அதற்குரிய மரபணுவை 1999ஆம் ஆண்டு மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் கண்டறிந்தன. ஏபிசிஏ1 என்பது அதன் பெயர். அது பழுதானால் சரக்கு ஏறாது. வெற்று ஊர்தி விரைவில் சிதைந்து மறையும். சரக்கோ தொண்டைச் சதையிலும் மண்ணீரலிலும் நரம்புகளிலும் தேங்கும். இந்நோயர் குருதியில் மொத்தக் கொலஸ்டிரால் குறைவாகவே இருக்கும். ஆயினும் அவர்களுள் பலர்க்கு இளவயதில் இதயத் தமனி நோய் வருகிறது. எண் குறைந்தால் நலம் என்னும் எளிய கணக்கு இங்கே பொய்த்தது.

4. ஆஸ்லோ, பெய்ரூத், டல்லஸ்

டேஞ்சியர் நோய் அரிதினும் அரிது. அதன் மறுபக்கமாகிய மற்றொரு குறைபாடோ நம் தெருவிலேயே இருக்கக்கூடியது. அதன் வரலாறு நார்வே நாட்டில் தொடங்குகிறது. 1938ஆம் ஆண்டு ஆஸ்லோ நகர மருத்துவர் கார்ல் முல்லர் சில குடும்பங்களை ஆராய்ந்தார். அக்குடும்பத்தினர் பலர்க்குத் தசைநாண்களில் மஞ்சள் நிறக் கட்டிகள் இருந்தன. குருதியில் கொலஸ்டிரால் மிகுந்திருந்தது. நெஞ்சுவலி இளமையிலேயே வந்தது. இம்மூன்றும் ஒரே மரபுப் பண்பின் வெளிப்பாடு என்று அவர் நிறுவினார்.

1964ஆம் ஆண்டு பெய்ரூத்தில் பணியாற்றிய கச்சதூரியன் என்னும் மருத்துவர் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து, இக்குறைபாடு இரு நிலைகளில் வெளிப்படுவதைத் தெளிவாக்கினார். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தால் கொலஸ்டிரால் ஏறத்தாழ இருமடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் ஏறத்தாழ நான்மடங்கு. இரண்டாம் நிலையினர் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்புக்கு ஆளாவதுண்டு.

காரணத்தைக் கண்டவர் டல்லஸ் நகரின் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் நோயரின் தோல் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அவர்கள் ஆராய்ந்தனர். இயல்பான உயிரணுவின் புறத்தே, தாழடர்த்திக் கொழுப்புப்புரதத்தைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பி ஒன்று உண்டு. நோயரிடத்து அவ்வேற்பி குறைந்தோ இல்லாமலோ இருந்தது. வாங்குவார் இல்லாத சரக்குக் குருதியிலேயே சுற்றித் தமனிச் சுவர்களில் படிந்தது. இக்கண்டுபிடிப்புக்காக 1985ஆம் ஆண்டு அவ்விருவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதே காலத்தில் தோக்கியோவில் அகிரா எண்டோ என்பார் பூஞ்சணங்களை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைச் சோதித்து, 1973ஆம் ஆண்டு, உடலில் கொலஸ்டிரால் உண்டாவதைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டார். அவ்வழியில் வந்தவையே இன்று 'ஸ்டேட்டின்' என்று வழங்கும் மருந்துகள். 1987ஆம் ஆண்டு அவற்றுள் முதலாவது மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. இரண்டு தலைமுறைக்கு முன் இக்குறைபாட்டுக்குப் பெயர் மட்டுமே இருந்தது. இன்று மருந்தும் இருக்கிறது.

'குடும்பவழி உயர்கொலஸ்டிரால்' என்று இதனைத் தமிழில் கூறலாம். ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இக்குறைபாட்டோடு பிறக்கின்றனர். ஆயிரம் மாணவர் படிக்கும் பள்ளியில் மூவர் அல்லது நால்வர் இருக்கக்கூடும் என்பது இக்கணக்கின் பொருள். மருத்துவம் பெறாவிடில், இக்குறைபாடுடைய ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் 50 வயதுக்குள் இதயத் தமனி நோய்க்கு ஆளாகின்றனர். இது ஓங்கு பண்பு. ஆகவே பெற்றோரில் ஒருவர்க்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. உண்ட உணவு இதற்கு மூலகாரணம் அன்று. மெலிந்த உடலினர்க்கும் வரும். மரக்கறி மட்டுமே உண்பவர்க்கும் வரும். 'கொழுப்பு' என்னும் சொல்லின் வசைநிழல் இவர்கள்மேல் விழுவது கொடுமை அன்றோ?

5. ஏரிக்கரைச் சிற்றூர்

இவ்வரலாற்றில் ஒரு வியப்பும் உண்டு. இத்தாலி நாட்டின் கார்தா ஏரிக்கரையில் லிமோனே என்னும் சிற்றூர் உள்ளது. பின்னால் செங்குத்து மலை, முன்னால் ஏரி. 1930களில் சாலை வரும்வரை படகே அவ்வூர்க்கு வழி. அவ்வூரிற் பிறந்து மிலான் நகரில் வாழ்ந்த ஒருவரை 1970களில் சோதித்தபோது, அவர் குருதியில் உயரடர்த்திக் கொழுப்புப்புரதம் மிகக் குறைந்திருந்தது. டேஞ்சியர்க் கணக்கின்படி அவர் இதயம் பழுதுபட்டிருக்க வேண்டும். ஆனால் தமனிகள் நலமாக இருந்தன. மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊரையே சோதித்தனர். ஏறத்தாழ ஆயிரவர் வாழும் அவ்வூரில் நாற்பதின்மர் அளவினர்க்கு அதே கூறு இருந்தது. திருச்சபைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அனைவரும் ஓர் இணையரின் வழிவந்தோர் என்பது புலனாயிற்று.

புரதத்தில் ஓரெழுத்துப் பிழை போன்றதொரு மாற்றம். அது தீங்கு செய்யவில்லை. காத்தது என்றே பலரும் கருதினர். ஆய்வாளர்கள் இதற்கு 'மிலானோ' என்று பெயரிட்டனர். நோய்க்குத் தீவின் பெயர் நின்றது. நலத்துக்கோ பிறந்த சிற்றூரின் பெயர் நிற்கவில்லை, ஆய்ந்த பெருநகரின் பெயர் நின்றது. பெயரிடும் உரிமை யாரிடம் உள்ளது என்பதை மொழி மாணவர் கவனிக்க.

அப்புரதத்தைச் செயற்கையாய் ஆக்கி மருந்தாகச் செலுத்தும் முயற்சி 2003ஆம் ஆண்டில் பெரும் நம்பிக்கை அளித்தது. பின்வந்த சோதனைகள் அந்நம்பிக்கையை நிறைவேற்றவில்லை. உயரடர்த்தி வகையை மருந்தால் மிகுவித்தால் இதயம் காக்கப்படும் என்று கருதிச் செய்த மற்றொரு பெருஞ்சோதனை, மருந்து கொண்டோருள் இறப்பு மிகுந்ததால் 2006ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. 'நல்லது' என்று பெயரிட்டதனாலேயே ஒன்றை மிகுவிப்பது நலமாகிவிடாது என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது.

பெயர்களைப் பற்றி மேலும் ஒரு குறிப்பு. இக்குடும்பத்தைச் சேர்ந்த அரிய குறைபாடு ஒன்று 1979ஆம் ஆண்டு சுவீடனில் பதிவாயிற்று. அக்குறையினரின் கருவிழி வெளிறி, வெந்த மீனின் கண்போல் தோன்றுவதால் 'மீன்கண் நோய்' என்று அழைத்தனர். கயல் போன்ற கண்ணை அழகென்று போற்றுவது நம் மரபு; மதுரையின் தெய்வத்துக்கே அங்கயற்கண்ணி என்று பெயர். நீரில் துள்ளும் மீனை நாம் கண்டோம். தட்டில் கிடக்கும் மீனை அவர்கள் கண்டனர். ஆகவே கலைச்சொற்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எப்போதும் பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று.

6. முன்னோடிகள் விட்டுச்சென்றது

டேஞ்சியர், லிமோனே ஆகிய இரண்டும் காட்டும் நெறி ஒன்றே. சிறு குழு ஒன்று தனித்து வாழ்ந்தால், முதலில் வந்த சிலரிடம் தற்செயலாக இருந்த கூறு வழித்தோன்றல்களிடம் பெருகும். மரபியலார் இதனை 'முன்னோடி விளைவு' என்பர். கனடாவின் கியூபெக்கில் வாழும் பிரெஞ்சுமொழியினரிடமும், தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் இனத்தாரிடமும், லெபனானிலும் குடும்பவழி உயர்கொலஸ்டிரால் மிகுந்திருப்பது இதனாலேயே. முதலிரு குழுவினரும் கடல் கடந்து சென்ற சிறு கூட்டத்தாரின் வழியினர் என்பதையும், அவர்தம் பேச்சு தாயகப் பேச்சிலிருந்து விலகித் தனியுருக் கொண்டதையும் மொழியியல் மாணவர் அறிவர்.

சலிகோகோ முஃப்வேனே என்னும் மொழியியலார் கலப்புமொழிகளின் தோற்றத்தை விளக்க, மக்கள்தொகை மரபியலிலிருந்தே 'முன்னோடி நெறி' என்னும் கருத்தைக் கடன்பெற்றார். 1996ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை நம் துறையில் புகழ்பெற்றது. கடனைத் திருப்பித் தரும் முறையில் மொழியியலார் மருத்துவர்க்குச் செய்யக்கூடிய உதவி ஏதேனும் உண்டா? உண்டு என்பதே நம் விடை. அது உறவுப்பெயர்களில் இருக்கிறது.

7. மாமனும் சித்தப்பாவும்

திராவிட மொழிகளின் உறவுமுறைச் சொற்கள் உலக மானிடவியலார் வியந்து ஆராய்ந்தவை. ஆங்கிலம் 'அங்கிள்' என்னும் ஒரே சொல்லால் சுட்டுவோரைத் தமிழ் தாய்மாமன் என்றும், பெரியப்பா என்றும், சித்தப்பா என்றும் பிரித்துச் சுட்டும். தந்தைவழியா தாய்வழியா, தந்தைக்கு மூத்தவரா இளையவரா என்பன சொல்லிலேயே அடங்கியுள்ளன. மாமன் என்பது மாமனாரையும் குறிப்பது, மாமன் மகளை மணக்கும் வழக்கத்தின் எதிரொலி. இவ்வழக்கத்துக்கும் நம் பொருளுக்கும் தொடர்புண்டு. அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர். மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு. டேஞ்சியர் நோய் போன்ற ஒடுங்கு பண்புகள் வெளிப்படும் வாய்ப்பும், குடும்பவழி உயர்கொலஸ்டிராலின் கொடிய இரண்டாம் நிலை தோன்றும் வாய்ப்பும் இத்தகைய மணங்களில் கூடுகின்றன. இதனைப் பழிப்பாகக் கூறவில்லை. எம் பெற்றோர் மணமும் அவ்வகையினதே. அறிந்து நடத்தல் வேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

ஈண்டு எம் குடும்பச் செய்தி ஒன்றைக் கூற இசைவு வேண்டுகிறோம். எம் மூத்த தாய்மாமன் 41 வயதில், பால்வெட்டு முடித்துத் திரும்பும் வழியில் விழுந்து இறந்தார். முனி அடித்துவிட்டது என்று தோட்டத்தில் பேசிக்கொண்டனர். இளைய மாமன் 46 வயதில் தூக்கத்திலேயே போனார். 'நல்ல சாவு' என்றனர். இரண்டு இறப்பையும் யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து எம் சின்னம்மாவின் மகன் 36 வயதில் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். குடும்பத்தில் யார்க்கேனும் இதயநோய் உண்டா என்று படிவம் கேட்டது. 'இரண்டு அங்கிள் இறந்துவிட்டனர்' என்று அவன் ஆங்கிலத்தில் எழுதினான். அவனுக்கு அங்கிள் என்பார் பலர். பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள். பள்ளிப் பேருந்து ஓட்டுநரும் அங்கிள். படிவத்தைப் பார்த்தவர் மேற்கொண்டு வினவவில்லை. இரண்டு நாள் கழித்துச் சின்னம்மா வந்தார். தமிழ் அறிந்த செவிலி ஒருவரிடம், 'என் கூடப் பிறந்த பெரியண்ணன் நாற்பத்தொன்றிலே போனார், சின்னண்ணன் நாற்பத்தாறிலே போனார். ரெண்டு பேருக்கும் குதிகால் நரம்பு தடித்துத்தான் இருந்தது, இவனுக்கும் அப்படித்தான் இருக்கிறது' என்றார். தடித்த குதிகால் தசைநாண் இக்குறைபாட்டின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்று. அந்த ஒரு தொடரால் மருத்துவர்களின் பார்வை மாறியது. அவன் பிள்ளைகளும் சோதிக்கப்பட்டனர். ஒன்பது வயது மகளுக்குக் குறைபாடு இருந்தது. சின்னம்மாவுக்கும் இருந்தது. நாமும் சோதித்துக்கொண்டோம், நமக்கு இல்லை. அச்சிறுமி இன்று மருந்து உட்கொண்டு நலமாக வாழ்கிறாள், கல்லூரி முடித்துவிட்டாள்.

சின்னம்மா கூறியதில் மருத்துவச் சொல் ஒன்றும் இல்லை. யார், எவ்வழி உறவு, எந்த வயது, என்ன கண்டது என்னும் நான்கும் தெளிவாக இருந்தன. அத்தெளிவை அவர்க்குத் தந்தது தமிழ்.

இங்கே தமிழைப் புகழ்ந்துவிட்டு அமைதல் கூடாது. நம் உறவுப்பெயர்களிலும் மயக்கம் உண்டு. அத்தையின் கணவரும் மாமாதான். அவர் குருதிவழி உறவினர் அல்லர். சித்தியின் கணவரும் சித்தப்பாதான். ஆகவே மருத்துவரிடம் 'மாமா' என்று கூறாமல் 'தாய்மாமன்' என்றோ, 'அம்மாவின் உடன்பிறந்த அண்ணன்' என்றோ கூறுதல் வேண்டும்.

8. சொல்லாமல் விட்ட சொற்கள்

தமிழர் இறப்பைப் பற்றி மங்கலமாகப் பேசுவர். காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் என்பன பண்பட்ட வழக்குகள். ஆனால் இவை இறப்பின் காரணத்தை மறைக்கும் திரைகளும் ஆகின்றன. நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலிகளைப் பாருங்கள். பிறந்த நாளும் மறைந்த நாளும் இருக்கும், உற்றார் பெயர்ப்பட்டியல் நீளும், காரணம் இராது. 'மாரடைப்பு' என்னும் நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் உண்டு. மார்பு, அடைப்பு என்னும் இரு சொற்களால் ஆகி, உள்ளே நிகழ்வதையே ஏறத்தாழக் காட்டிவிடும் சொல் அது. அதனை வீட்டுக்குள் கூறத் தயங்குகிறோம். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அறவே கூற மாட்டோம். அடுத்த தலைமுறைக்குச் சேர வேண்டிய செய்தி அங்கே அறுந்துபோகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உறவுமுறைப் பாடம் நடத்தும்போது, மாணவர்களைத் தம் குடும்பமரத்தை வரையச் சொல்லுங்கள். பாட்டி தாத்தாவிடம் தமிழில் கேட்டு, ஒவ்வொருவர்க்கும் உரிய உறவுப்பெயரையும் குருதிவழியா மணவழியா என்பதையும் குறிக்கட்டும். மறைந்தோர் எனில் வயதையும் காரணத்தையும் கேட்டறிந்து, அவற்றைத் தம் வீட்டுப் படியில் மட்டும் எழுதிக்கொள்ளட்டும். வகுப்பில் காட்ட வேண்டியதில்லை. உடன்பிறந்தார், பெற்றோர் ஆகிய நெருங்கிய உறவினருள் ஆணாயின் 55 வயதுக்கு முன்னரும் பெண்ணாயின் 65 வயதுக்கு முன்னரும் இதயநோய் கண்டிருந்தால், அதனை மருத்துவரிடம் கட்டாயம் கூறுதல் வேண்டும். வளர்ந்தோர்க்குத் தாழடர்த்திக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 4.9 மில்லிமோல் அளவோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவர் பரம்பரைக் காரணத்தை எண்ணிப் பார்ப்பர். சிங்கப்பூரில் குடும்பவழி உயர்கொலஸ்டிராலுக்கான மரபணுச் சோதனைத் திட்டம் தேசிய அளவில் 2025ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்துள்ளது. ஒருவரிடம் குறைபாடு உறுதியானால் அவர் உறவினரையும் அடுத்தடுத்துச் சோதிப்பதே இதில் பயன்தரும் முறை. அதற்கு முதற்கண் உறவினர் யாவர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர்களிடம் கூறுவது இது. பாட்டியோடு தமிழில் பேசுவது பண்பாட்டுக் கடமை என்று உங்களிடம் பலரும் கூறியிருப்பர். அது கடமை மட்டும் அன்று. வேறெவரும் அறியாத செய்தி ஒன்று அவரிடம் இருக்கலாம். அவர் மொழியில் கேட்டால்தான் அது வெளிவரும். டேஞ்சியர் தீவுச் சிறுவனின் தொண்டையைக் கண்ட மருத்துவர்க்கு வியப்பு மட்டுமே எழுந்தது. தமக்கையும் பெற்றோரும் ஒருசேரச் சோதிக்கப்பட்ட பின்னரே விளக்கம் கிடைத்தது. இக்குறைபாடுகளை எப்போதும் குடும்பத்தை வைத்தே அறிய முடிந்திருக்கிறது. எம் சின்னம்மா இருபது ஆண்டு முன்னதாக வினவப்பட்டிருந்தால், அவர் மகன் 36 வயதில் அவசரப் பிரிவில் கிடந்திருக்க மாட்டான்.

இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் பாட்டியின் உடன்பிறந்தோர் எத்தனை பேர், யார் எந்த வயதில் எதனால் மறைந்தனர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.